ரத்தக் குழாய்க்கும் வயசாகிறது!

குக்கர் காஸ்கெட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாங்கின புதிதில் இழுத்தால் இழுத்தபடி வரும். விட்டால் பழையபடி சுருங்கிக் கொள்ளும். சூட்டிலும் ஆவியிலும் கிடந்து உழைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப் போகும். ஓரத்தில் ஆவி கசியும், விசில் வராது, பருப்பு வேகாது. “போச்சு, காஸ்கெட் மாத்தணும்” என்று கடைக்கு ஆள் அனுப்புவோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது.

நம் உடம்பிலும் இதைப் போல ஒரு ரப்பர் வேலை இருக்கிறது. இருதயத்திலிருந்து கிளம்பி, மார்பு வழியாக வயிறு வரை இறங்கும் மகா தமனியும், அதிலிருந்து பிரியும் பெரிய ரத்தக் குழாய்களும்தான் அவை. அவையும் நாளாக ஆக விறைத்துக்கொண்டேதான் போகின்றன. ஆனால் அவற்றை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ள முடியாது. பிறக்கும்போது கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் கடைசி வரை காலம் தள்ள வேண்டும்.

‘கொழுப்பு அடைப்பு’ என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ‘ரத்தக் கொதிப்பு’ நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் வார்த்தை. ஆனால் இந்த ‘விறைப்பு’ பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அதிகம் தெரியாமல்தான் இருந்தது. ஒரு நாள் எங்கள் தெருவில் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

திண்ணையில் ஒரு தீர்ப்பு

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பி.பி. பார்க்கும் கருவியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. அப்படி எங்கள் தெருவுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் பெண், எதிர் வீட்டுப் பாட்டிக்கு அளந்து பார்த்துவிட்டு, “மேலே 168, கீழே 64” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

உடனே மருமகள், “கீழே 64-ஆ? அப்போ லோ பிரஷர்தானேக்கா? அதான் அத்தை தலை சுத்துது, தலை சுத்துதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. மோர்ல நல்லா உப்புப் போட்டுக் குடுக்கட்டுமா?” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா விடுவாளா? “மேலே இருக்கிறதைப் பத்திக் கவலைப்படாதே. நூறோட வயசைக் கூட்டிக்கோன்னு அந்தக் காலத்துலயே சொல்லியிருக்காங்க. அத்தைக்கு 70 வயசு. 170 வரைக்கும் இருக்கலாம்!” என்றாள்.

மேலே இருப்பது வயசுக்குச் சரி. கீழே இருப்பது குறைச்சல். ஆகவே உப்பு மோர்! பத்து நிமிஷத்தில் வைத்தியம் முடிந்துவிட்டது. நல்ல வேளை, வந்திருந்த பெண் கெட்டிக்காரி. “உப்பு மோரெல்லாம் வேண்டாங்க. இந்த வாரத்துக்குள்ளே பாட்டியை டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனார்கள். டாக்டர் சோதித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மருமகளுக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. “கீழே லோவா இருக்கிறவங்களுக்கு ஏன் உப்பைக் குறைக்கச் சொல்றாங்க?” என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் தேடி, எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அடி பம்பும் நீரோட்டமும்

“அடி பம்புல தண்ணி அடிச்சிருக்கீங்களா?” என்று ஆரம்பித்தார் டாக்டர். “ஒரு அடி அடிச்சா குபுக்குன்னு கொட்டும். கையை எடுத்தா நின்னுடும். இருதயமும் அப்படித்தான். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைக் குபுக்குன்னு தள்ளும். அப்புறம் ஓய்வெடுக்கும். ஆனா மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படி விட்டு விட்டுப் போனா சரிப்படாது. நிதானமா, நிற்காம போகணும். அதுக்கு ஏற்பாடு என்ன?”

ஏற்பாடு அந்த மகா தமனியின் ரப்பர் குணம்தான். இருதயம் ரத்தத்தைத் தள்ளும்போது மகா தமனி பலூன் மாதிரி விரிந்து, வந்த ரத்தத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்கிறது. இருதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அது சுருங்கி, நிறுத்தி வைத்ததை மெல்ல முன்னே அனுப்புகிறது. மாதம் முதல் தேதி கைக்கு வரும் சம்பளத்தை அன்றைக்கே செலவழித்துவிடாமல், மாதம் முழுக்கப் பங்கிட்டுச் செலவு செய்கிறோமே, அந்தக் குடும்ப சாமர்த்தியம்தான்!

இதை முதலில் ஊகித்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நிற்பதைப் பார்த்தார். 1733-ல் அவர் வெளியிட்ட நூலில், தீயணைக்கும் வண்டியில் தண்ணீரை விட்டு விடாமல் பீய்ச்ச உதவும் காற்று அறையோடு ரத்தக் குழாயை ஒப்பிட்டிருக்கிறார்.

எலாஸ்டிக் போய் நாடா வருகிறது

ரத்தக் குழாயின் சுவரில் இரண்டு விதமான நார்கள் முக்கியம். ஒன்று எலாஸ்டின். பெயரிலேயே தெரிகிறதே, எலாஸ்டிக் மாதிரி இழுபடும். இன்னொன்று கொலாஜன். இது பாவாடை நாடா மாதிரி. பலம் உண்டு, ஆனால் இழுபடாது. இளமையில் பெரும்பாலான வேலையை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும். நாடா, அளவுக்கு மீறி விரியாமல் காவல் நிற்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எலாஸ்டின் நார்களில் பெரும் பகுதி நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலுமே உருவாகி முடிந்துவிடுகிறது. பெரியவர்களான பிறகு புதிதாக உருவாவது மிக மிகக் குறைவு. ஆனால் உழைப்போ கொஞ்ச நஞ்சமில்லை. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம். 60 வருஷத்துக்கு 220 கோடி! அத்தனை தடவை விரிந்து சுருங்கினால் எந்த எலாஸ்டிக்தான் தாங்கும்? நார்கள் இற்றுப் போய் அறுபடுகின்றன. வேலை நாடாவின் தலையில் விழுகிறது. சுவரில் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது.

சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அல்வா கிளறும்போது நிறம் மாறிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதே, ஏறக்குறைய அதே மாதிரி ரசாயன வேலையை, ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை அந்த நார்களிடம் செய்கிறது. நாரும் நாரும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிப் போகின்றன. நாள்பட்ட ரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் விறைப்பைத் துரிதப்படுத்துகின்றன.

“அப்படியானால் கொழுப்பு அடைப்பும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டேன்.

“இல்லே. சிங்க் குழாய்க்குள்ளே எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து அடைக்கிறது ஒண்ணு. அந்தக் குழாயே விறைச்சுப் போறது இன்னொண்ணு. நிறையப் பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். ஒண்ணு இன்னொண்ணை வளர்க்கும். ஆனா கொலஸ்டிரால் சரியா இருக்கிறவங்களுக்கும் விறைப்பு வரலாம். ‘எனக்குக் கொழுப்பு நார்மல்’னு நிம்மதியா இருந்துட முடியாது.”

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் ஏன்?

இப்போது பாட்டியின் 168-க்கும் 64-க்கும் வருவோம். மேல் எண் என்பது இருதயம் ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். கீழ் எண், அது ஓய்வெடுக்கும்போது இருக்கும் அழுத்தம்.

குழாய் விறைத்துவிட்டால் விரிந்து கொடுக்காது. வருகிற ரத்தம் முழுக்க முட்டி மோதிக்கொண்டு போகும். அதனால் மேல் எண் ஏறுகிறது. விரியாததால் சேமிப்பும் இல்லை. இருதயம் ஓய்வெடுக்கும்போது தள்ளிவிடக் கையிருப்பு ஏது? அதனால் கீழ் எண் இறங்குகிறது. ஆக, மேலே ஏறினதும் கீழே இறங்கினதும் இரண்டு வியாதி அல்ல. ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். உப்புக் குறைச்சலால் கீழ் எண் இறங்கவில்லை. உப்பு மோர் கொடுத்திருந்தால் 168 இன்னும் ஏறியிருக்கும்.

மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள். 120-க்கு 80 என்றால் வித்தியாசம் 40. பாட்டிக்கு 104! நடு வயசைத் தாண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் 60-ஐ எட்டினால், குழாய் விறைத்து வருகிறதோ என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். ரத்த சோகை, தைராய்டு அதிகமாகச் சுரத்தல், இருதய வால்வில் கசிவு போன்ற வேறு காரணங்களாலும் இந்த இடைவெளி கூடலாம். அதனால் கணக்குப் போட்டுவிட்டு நாமே முடிவு கட்டக் கூடாது. காட்டிக் கேட்க வேண்டும்.

இதனால் என்ன கெடுதல் என்கிறீர்களா? முதலாவது, விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நாளடைவில் அதன் தசை தடித்து, பிறகு களைத்துப் போகிறது. இரண்டாவது, இருதயத்துக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் அதன் குழாய்களுக்குள் பாய்கிறது. கீழ் அழுத்தம் இறங்கினால் அந்த வரவும் குறைகிறது. வேலை அதிகம், சாப்பாடு குறைவு! மூன்றாவது, மூளையும் சிறுநீரகமும். அவற்றின் நுண்ணிய குழாய்களுக்கு மெல்லிய ஓட்டம்தான் பழக்கம். இடைவிடாமல் முட்டி அடித்தால் அவை பழுதாகின்றன. பக்கவாதம், ஞாபகக் குறைவு, சிறுநீரகத் தளர்ச்சி எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை.

‘நூறோடு வயசைக் கூட்டிக்கொள்’ என்ற கணக்கு முன்பு டாக்டர்களிடமே இருந்தது. வயசானால் மேல் எண் ஏறுவது இயற்கை, அதைத் தொட வேண்டாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி அதற்கு முடிவு கட்டியது. 60 வயசைத் தாண்டிய 4,736 பேர். எல்லோருக்கும் மேல் எண் 160-க்குக் குறையாமல், கீழ் எண் 90-க்குள். நம் பாட்டி மாதிரியேதான்! அவர்களில் ஒரு பாதிக்கு மிகச் சாதாரணமான, விலை குறைந்த மாத்திரை, தேவைப்பட்டால் இன்னொன்றும். நாலரை வருஷத்தில் அவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. வயசைக் கூட்டும் கணக்கை அன்றோடு விட்டாயிற்று. நம் வீடுகளில்தான் இன்னும் விடவில்லை.

நாடி ஓடும் வேகம்

விறைப்பை நேரடியாக அளக்க வழி உண்டா? உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறோமே, அங்கே தட்டுவது அந்த நொடியில் இருதயம் விட்ட ரத்தம் அல்ல. ரத்தம் அவ்வளவு வேகமாக வந்து சேராது. குழாய்ச் சுவர் வழியே ஓடி வரும் ஓர் அலை அது. துணி காயப்போடும் கொடியை ஒரு பக்கம் தட்டினால் மறு பக்கம் அதிர்கிறதல்லவா? கொடி தளர்வாக இருந்தால் அலை மெல்லப் போகும்; இறுகக் கட்டியிருந்தால் விர்ரென்று போகும். ரத்தக் குழாயும் அப்படியே.

கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பதிவு செய்து, இடையில் ஆன நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆரோக்கியமான இளம் வயதினருக்கு நொடிக்கு 5 அல்லது 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று கொள்கிறார்கள். 2010-ல் 17 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 15,877 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, வேகம் ஒரு மீட்டர் கூடினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் சுமார் 14 சதவீதம் கூடுவது தெரிந்தது. வயசு, மற்ற வியாதிகள் எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம் கொடுத்த பிறகும்!

“அப்படின்னா எல்லாரும் இந்த டெஸ்ட் எடுக்கணுமா?” என்றேன். டாக்டர் சிரித்தார். “வேண்டவே வேண்டாம். ஒழுங்கா பி.பி. பார்த்தாலே முக்கால்வாசி விஷயம் தெரிஞ்சுடும். அதைச் சரியாப் பார்க்கிறதில்லையே, அதுதான் கஷ்டம்!”

பெண்களுக்குத் தனிக் கவனம்

மாதவிலக்கு நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ரத்தக் குழாயைத் தளர்வாக வைத்திருக்க உதவுகிறது. அதனால் இளமையில் ஆண்களை விட நமக்கு ரத்த அழுத்தம் பொதுவாகக் குறைவு. மாதவிலக்கு நின்ற பிறகு அந்தச் சலுகை போய்விடுகிறது, விறைப்பு வேகமெடுக்கிறது. அதற்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு இருதயத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். 2002-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டது. வேறு உபாதைகளுக்கு டாக்டர் கொடுத்தால் அது தனி விஷயம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு முக்கிய செய்தி. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், முகமும் காலும் வீங்கி அவதிப்பட்டீர்களா? ‘குழந்தை நல்லபடியாப் பிறந்துடுச்சு, அதோட போச்சு’ என்று மறந்துவிடுகிறோம். ஆனால் 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பின்படி, அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு. இருதய நோய்க்கு 2 மடங்கு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பி.பி. பாருங்கள். எந்த வியாதிக்காக டாக்டரிடம் போனாலும் “எனக்குக் கர்ப்பத்துல பிரஷர் இருந்தது” என்று வாய் திறந்து சொல்லுங்கள். பிரசவச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உப்பு டப்பாவில் ஒரு கணக்கு

1985-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஆவோலியோ, ஓ ரூர்க் ஆகியோரும் சீன டாக்டர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சீனாவின் பீஜிங் நகரத்தாரையும், தெற்கே குவாங்சோ பகுதிக் கிராமத்தாரையும் ஒப்பிட்டார்கள். பீஜிங்கில் தினசரி உப்பு சுமார் 13 கிராம். தெற்கே சுமார் 7 கிராம். எந்த வயசை எடுத்தாலும் பீஜிங்காரர்களின் குழாய்கள் அதிகம் விறைத்திருந்தன. 1988-ல் 32 நாடுகளில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியில், உப்பே சேர்க்காத அமேசான் காட்டு யானோமாமி மக்களுக்குச் சராசரி மேல் எண் 100-ஐக்கூடத் தொடவில்லை. வயசோடு ஏறவும் இல்லை! ஆக, வயசானால் பிரஷர் வந்தே தீரும் என்பதில் வயசின் பங்கு கொஞ்சம், நம் வாழ்க்கை முறையின் பங்கு நிறைய.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ‘குழம்பில் எவ்வளவு போட்டேன், பொரியலில் எவ்வளவு’ என்று யார் அளந்துகொண்டிருப்பது? அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. வீட்டில் நாலு பெரியவர்கள் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் அளவு மீறுகிறது என்று அர்த்தம். ஊறுகாய், சிப்ஸ், மிக்சர், பிரெட், சாஸ் என்று வெளியிலிருந்து வரும் உப்பு இந்தக் கணக்கில் சேராது. அதையும் நினைத்தால் 50 நாளுக்கு மேலேயே வர வேண்டும்!

குறைப்பது எப்படி? ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாட்டு மேஜையில் கலவரம்தான். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லி, கறிவேப்பிலை கை கொடுக்கும். சாதம் வடிக்கும்போதும், சப்பாத்தி மாவிலும் உப்பு வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளும் பண்டத்தில் இருப்பதே போதும். மோரில் உப்பு வேண்டாம். அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு தினசரி வேண்டாம், எப்போதாவது இருக்கட்டும். அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக் காரமும் சேருகிறது. அதிலும் சோடியம்தான். இந்துப்பு நல்லது என்று இஷ்டத்துக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். நிறம் மட்டும் வேறு.

சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவின்படி பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது சிபாரிசு செய்யப்படவில்லை. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கைக்குழந்தைக்காரர்களே, ஒரு வயசு முடியும் வரை குழந்தையின் பருப்பு சாதத்தில் உப்போ சர்க்கரையோ போட வேண்டாம் என்பதுதான் குழந்தை நல மருத்துவர்களின் யோசனை. “உப்பில்லாம குழந்தை எப்படிச் சாப்பிடும்?” என்று பாட்டிமார் பரிதாபப்படுவார்கள். உப்பின் ருசியே தெரியாத குழந்தைக்கு அது இல்லை என்பது எப்படித் தெரியும்?

நடந்தால் தளரும்

நல்ல செய்தி ஒன்று. அறுந்த எலாஸ்டினைத் திரும்பக் கொண்டு வர முடியாவிட்டாலும், விறைப்பை ஓரளவு தளர்த்த முடியும். ரத்தக் குழாய் வெறும் ரப்பர் அல்லவே, அதில் உயிருள்ள தசையும் உள் உறையும் இருக்கின்றன. 2000-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உட்கார்ந்தே பழகிய ஐம்பது வயசுக்காரர்களை மூன்று மாதம் நடக்க வைத்தார்கள். அவர்களுடைய கழுத்துக் குழாய் முன்னை விடத் தளர்ந்து கொடுத்தது. மாதவிலக்கு நின்ற பெண்களிடமும் பின்னர் இதே பலன் தெரிந்தது.

“நான் நாள் பூரா வீட்டுக்குள்ளே நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?” என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் விட்டு விட்டு நடப்பது போதாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சுற்று வழியாக வந்தால் ஆயிற்று.

வீட்டுக்காரர் சிகரெட் பிடித்தால், அந்தப் புகை உங்கள் குழாயையும் குழந்தைகளின் குழாயையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது. ‘வெளியே போய்ப் பிடியுங்கள்’ என்று சொல்வதை விட ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்வது மேல். புகையிலை போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது, எடையைக் குறைப்பது, எழுதிக் கொடுத்த மாத்திரையை ‘இப்ப நார்மலாயிடுச்சே’ என்று நிறுத்தாமலிருப்பது, எல்லாமே குழாய்க்குச் செய்யும் உபகாரம்.

அளக்கும் முறை

டாக்டர் குறைப்பட்டுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

1. அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

2. முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல், 5 நிமிஷம் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் பேச்சு வேண்டாம்.

3. பட்டையை ரவிக்கைக் கைக்கு மேலே கட்டாதீர்கள். வெறும் கையில் கட்டுங்கள். கை, மார்பு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னது கட்டினால் எண் கூட்டிக் காட்டும்.

4. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டு எண்களையும் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டில் 135-க்கு 85 என்ற அளவை அடிக்கடி தொட்டால் டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

5. பெரியவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதென்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நிற்க வைத்தும் அளந்து பார்த்து, மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பார்கள். நாமாக உப்பு கொடுப்பதும், நாமாக மாத்திரையைக் குறைப்பதும் இரண்டும் தப்பு.

ஒருவருடைய வயசு அவருடைய ரத்தக் குழாயின் வயசுதான் என்று மருத்துவ உலகில் பழமொழி போலச் சொல்வார்கள். நரையை மையால் மறைக்கலாம். குழாயின் வயசை மறைக்க மை இல்லை. மாமனாருக்கு, மாமியாருக்கு, கணவருக்கு என்று எல்லோருக்கும் அளந்துவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறோமே, அதற்கு முன்னால் ஒரு தடவை நம் கையிலும் அந்தப் பட்டையைக் கட்டிப் பார்ப்போம். 40 வயசுதானே என்று தள்ளிப் போட வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது, டப்பா மூடியில் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். எத்தனை நாள் வருகிறதென்று பார்த்து, உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.